அம்பு ஒட்டிய நடுக்கட்டம்

வேலம்பாளையம்
9.11.2003

அன்புள்ள பழனியம்மா அக்காவுக்கு,

ராணி எழுதிக்கொண்டது. நானும் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் கர்த்தர் கிருபையில் சுகம். அங்கே நீங்களும் அண்ணனும் சுகமா? குண்டடத்துக் காற்று ஆளையே தூக்குமாமே. மோட்டார் ரூம் பக்கத்தில் இருக்கிற ஓட்டு வீடு என்று மாரக்காள் சொன்னாள். கதவை நன்றாகத் தாழ் போட்டுக்கொள்ளுங்கள்.

போனில் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் “லைன் செரியில்லீங்க” என்று வைத்துவிட்டீர்கள். லைன் நன்றாகத்தான் இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தைக் கீழே வைத்துவிட்டாலும் மறுபடி எடுத்துப் படிக்கலாம்.

தீபாவளி லீவில் சாத்தூர் போய் வந்தேன். உங்களுக்கென்று காராச்சேவு வாங்கி வந்தேன். பக்கத்து வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்குகிறது. பத்து வருஷமாகச் சுவரைத் தட்டினால் பதில் தட்டிய அக்கா, ஒரு வார்த்தை சொல்லாமல் லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். சேவைப் பிள்ளைகள் தின்றுவிட்டார்கள். நான் தடுக்கவில்லை. அவ்வளவு கோபம் எனக்கு.

நிலம் பங்கு வந்தது, போனீர்கள், சரி. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் ஊசிக் கூட்டத்தின் பெரிய போர்வைக்கு நீங்கள் தைத்த நடுக்கட்டத்தைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு போனீர்களே, அதற்கு என்ன பெயர்? ஆளுக்கொரு கட்டம், பதினான்கு பேரும் தைத்தாயிற்று. நடுவில் மட்டும் ஓட்டை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அதை விரித்து வைத்துச் சுற்றி உட்காருகிறோம். ஒருத்தரும் அந்த ஓட்டையைப் பார்ப்பதில்லை. எல்லோர் கண்ணும் அங்கேதான் இருக்கிறது.

நான் அம்பு ஒட்டியது உங்களுக்குத் தாங்கவில்லை. தெரியும். ஆனால் அக்கா, இருபது வருஷமாக இந்தத் திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கிறேன். குறை தெரிந்தால் என் கை தானாகச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை உரித்து அந்த இடத்தில் ஒட்டிவிடும். என் சொந்தக்காரி தைத்ததா, முதலாளி தைத்ததா என்று கை பார்க்காது. உங்கள் கட்டம் நாலு பக்கமும் இரண்டு விரல் குறைவு. குறைவு குறைவுதானே? வேறு யாராவது என்றால் விட்டிருப்பேன் என்று நினைக்கிறீர்களா? மாரக்காளுக்கு மூன்று அம்பு ஒட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே பிரித்துத் தைத்தாள்.

இன்னொன்றும் இருக்கிறது. போன தைப்பூசத்துக்குக் குண்டடம் பந்தலில் பாதயாத்திரைக்காரர்கள் வெறும் சாக்கில் நடுங்கிக்கொண்டு படுத்திருந்ததைப் பார்த்து, “அடுத்த வருசம் ஆளுக்கொரு போர்வை, நூறு போர்வை, நாங்க தெச்சுக் கொண்டாரமுங்க” என்று பந்தல் தலைவர் கிட்டுசாமியிடம் வாக்குக் கொடுத்தது நீங்கள். பக்கத்தில் நின்று தலையாட்டியது நான். அந்த வாக்கு என்னாயிற்று? முப்பது போர்வை தயாராக இருக்கிறது. மேலே கட்டிங் வேஸ்ட் பனியன் துண்டுகள், அடியில் பழைய பருத்திச் சேலை, நடுவில் ஓட்டுத்தையல், எல்லாம் நீங்கள் சொல்லிக் கொடுத்த மாதிரிதான். நீங்கள் இருக்கிற ஊருக்குத்தான் வரப்போகிறது. நடுக்கட்டத்தை அனுப்புங்கள். இல்லாவிட்டால் நீங்களே வாருங்கள்.

அன்புத் தங்கை,
விஜயராணி


குண்டடம்
17.11.2003

விஜயராணிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

நடுக்கட்டம் என்னிடம்தான் இருக்கிறது. அதன் மேல் உன் அம்பும் இருக்கிறது. உங்கள் செக்கிங்கில் ஒரு சட்டம் உண்டே, அம்பை ஒட்டினவளே எடுக்க வேண்டும், வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்று. அதனால் நான் தொடவில்லை. ஒட்டினவள் வந்து எடுக்கட்டும்.

மாரக்காளுக்கு ஒட்டினாயாம், சிரித்தாளாம். மாரக்காள் நேற்று ஊசி பிடித்தவள். நான் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்தபோது நீ ஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருந்தாய். என்னைப் பதின்மூன்று பேர் முன்னால், என் கையால் ஊசி பிடிக்கப் பழகினவர்கள் முன்னால், அம்பு ஒட்டினாய். தனியாகக் கூப்பிட்டு “அக்கா, இந்த இடம் கொஞ்சம் பாருங்க” என்று சொல்ல உன் வாய்க்கு என்ன வந்தது? சுவரைத் தட்டிக் கூப்பிட்டிருக்கலாம்.

கிட்டுசாமி வந்திருந்தார். அவர் எங்கள் வீட்டுக்காரருக்குப் பங்காளி முறை. புது ஊர், புதுச் சொந்தம், நான் இன்னும் யாரிடமும் சத்தமாகப் பேசக்கூட ஆரம்பிக்கவில்லை. காபியைக் குடித்துக்கொண்டே சிரித்தார். “ஏனுங்க அம்மிணி, பனியன் வேஸ்ட்டுல தெச்சதயா காவடிக்காரங்களுக்குப் போத்தறது? ஒரு தொவைக்கு நூலு நூலாப் போயிருமுங்க. நானு கடை ரக்குப் போர்வைக்கு ஆர்டர் போட்டர்றனுங்க” என்றார். உள்ளே இருந்த பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நான், “பொங்கலுக்கு முந்தி காட்டறமுங்க” என்று சொல்லிவிட்டேன்.

ஆக, மானம் என்னுடையது, போர்வை உங்களுடையது. பார்த்துச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
சா. பழனியம்மாள்

காராச்சேவைப் பற்றி எழுதாமல் இருந்திருக்கலாம்.


வேலம்பாளையம்
8.12.2003

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைச் சண்டைக்கு எழுதவில்லை. தலை போகிற காரியம்.

கிட்டுசாமி சொன்னதைப் படித்துவிட்டு, “அவுக என்ன சொல்றது, நாமளே தொவைச்சுப் பாப்போம்” என்று வெள்ளையம்மாள் கிளம்பினாள். போன ஞாயிறு மழை விட்டதும் முப்பது போர்வையையும் முக்கிப் பிழிந்து காலனிக் கொடியில் வரிசையாகப் போட்டோம். பார்க்க அவ்வளவு அழகு. ஊதா, பச்சை, கருநீலம், எந்த நாட்டுக்குப் போகிற சட்டையின் மிச்சமோ, எல்லாம் நம் கொடியில். பிள்ளைகள் அடியில் புகுந்து ஓடின. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

சாயங்காலம் எடுத்து மடிக்கப் போனால் மடிப்பு வரவில்லை அக்கா. ஒரு மூலை அந்தப் பக்கம் இழுக்கிறது, ஒரு மூலை இந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது. பொரித்த அப்பளம் போல நடுவில் மேடும் ஓரத்தில் பள்ளமும். தரையில் விரித்தால் ஒன்றாவது படுக்க வேண்டுமே. நூல் எங்கேயும் விடவில்லை, துணி எங்கேயும் கிழியவில்லை. ஆனால் கோணல். முப்பதும் கோணல்.

பெரிய சண்டை. நூல் சரியில்லை என்று ஒருத்தி, சேலைதான் சுருங்கிவிட்டது என்று ஒருத்தி. அடித்துப் பிழிந்த வெள்ளையம்மாளின் கைதான் காரணம் என்று ராமாத்தாள் சொல்ல, வெள்ளையம்மாள் வாளியை உதைத்துவிட்டுப் போய்விட்டாள். கடைசியில் ஒருத்தி சொன்னாள்: “தொவைக்காமக் குடுத்திருவோம்க்கா. ஒரு ராத்திரி போத்திட்டுப் போயிருவாக. அதுக்கப்புறம் யாரு கேக்கப் போறாக?” ரொம்பப் பேர் தலையாட்டினார்கள்.

நான் சத்தம் போட்டேன். தெரிந்தே கோணல் பீஸை விட்டால் நான் செக்கிங்கில் நின்றதற்கு அர்த்தமில்லை. ஆனால் என்ன செய்வது என்று கேட்டார்கள். குறையைக் காட்டத்தான் தெரியும் அக்கா, எனக்கு. சரி பண்ணுவது எப்போதும் உங்கள் வேலையாக இருந்தது. அடுத்த ஞாயிறு பாதிப் பேர் வருவார்களா என்பதே சந்தேகம். கூட்டம் இத்தோடு கலைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

உங்கள் நடுக்கட்டத்தை எப்போதாவது துவைத்தீர்களா? அது எப்படி இருக்கிறது?

பதிலை எதிர்பார்க்கும்
ராணி


குண்டடம்
13.12.2003

ராணிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது. பொய் சொல்ல மாட்டேன். பிறகு வெள்ளையம்மாள் வாளியை உதைத்ததை நினைத்து வருத்தமாக இருந்தது. அவள் கால் விரலில் ஏற்கனவே புண்.

நடுக்கட்டத்தை நான் வந்த வாரமே துவைத்தேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. இரண்டு முறை அலசினேன், அம்பு இருக்கிற மூலையை மட்டும் நனைய விடாமல் கையில் பிடித்துக்கொண்டு. இப்போது எடுத்து விரித்துப் பார்த்தேன். சின்னதுதான். ஓவர்லாக்கின் கத்திக்கு ஓரத்தைக் கொஞ்சம் கூடவே கொடுத்துவிடுகிற பழக்கம் எனக்கு உண்டு. அது வெட்டித் தள்ளிவிடும். நீ அளந்தது சரி. ஆனால் ராணி, இது சதுரம். பலகையில் வைத்த மாதிரிப் படுக்கிறது. கோணல் என்று சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

ஏன் என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பனியன் துணியை ஒரு பக்கம் இழுத்தால் ரப்பர் மாதிரி வரும். மறுபக்கம் இழுத்தால் கொஞ்சம்தான் வரும். கொஞ்சமாக வருகிறதே, அதுதான் அதன் நீளவாக்கு. தண்ணீர் பட்டால் அந்த வாக்கில்தான் அதிகம் சுருங்கும். நான் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். எங்கள் ஐயன் துணியைக் கையில் எடுத்தால் முதலில் பாவு எந்தப் பக்கம் ஓடுகிறது என்றுதான் பார்ப்பார். எனக்கும் அந்தக் கை. யோசிக்காமலே எல்லாத் துண்டையும் ஒரே வாக்கில் வைத்துத் தைத்திருக்கிறேன். நீங்கள் துண்டு எப்படிக் கிடைத்ததோ அப்படி வைத்திருப்பீர்கள். ஒன்று நெடுக்கே சுருங்க, பக்கத்தில் உள்ளது குறுக்கே சுருங்க, பிறகு போர்வை எங்கே படுக்கும்?

உங்கள் மேலும் தப்பில்லை. கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் வாக்குப் பார்த்து வெட்டி, கட்டுக் கட்டாக அடுக்கி அனுப்பிவிடுவார். நம் மெஷினுக்கு வரும்போது எல்லாம் சரியாகத் திரும்பியே இருக்கும். இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது “இது எந்தப் பக்கம்?” என்று நாம் கேட்டதுண்டா? அதான் வினை.

பிரித்து, ஒரே வாக்கில் வைத்துத் தையுங்கள். ஆனால் பதின்மூன்று பேரும் பதின்மூன்று வீட்டில் உட்கார்ந்து தைக்கும்போது ஒவ்வொரு துண்டையும் இழுத்துப் பார்ப்பார்களா? மாரக்காள் பாதியில் டி.வி. பார்க்கப் போய்விடுவாள். அதற்கு எனக்கு வழி தெரியவில்லை. நீ யோசி.

கிட்டுசாமி பொங்கலுக்கு முந்தின வாரம் வரை பொறுப்பதாகச் சொன்னார். பத்துப் போர்வையைத் தானே துவைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவாராம்.

கூட்டத்தைக் கலைய விடாதே.

பழனியம்மாள்


வேலம்பாளையம்
29.12.2003

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் கிறிஸ்துமஸ் வாழ்த்து. கேக் அந்தக் காராச்சேவு மாதிரி இங்கேயே தீர்ந்துபோகாது, மாரக்காள் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். போர்வையும் பத்து வருகிறது.

வழி கிடைத்துவிட்டது! யார் கண்டுபிடித்தது என்று கேளுங்கள். நான்தான்! குறை காட்டத்தான் தெரியும் என்று எழுதினேனே, அந்தக் கைதான் கண்டுபிடித்தது.

உங்கள் கடிதத்தைக் கூட்டத்தில் சத்தமாகப் படித்தேன். பத்துப் பேர் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு துண்டை எடுத்து இழுத்துப் பார்த்தார்கள். “ஆமாக்கா, இந்தப் பக்கம் வருது, இந்தப் பக்கம் வரல!” என்று ஒரே கூச்சல். சாக்பீஸால் கோடு போடலாம் என்றாள் ராமாத்தாள். தொட்டதும் அழிந்துவிட்டது. மூலையை வெட்டி அடையாளம் வைக்கலாம் என்றாள் ஒருத்தி. தையலுக்குள் போய்விட்டது. எனக்கு எரிச்சல். சும்மா இருக்க முடியாமல் பையில் கையை விட்டேன். கம்பெனியில் பசை பழசாகிவிட்டது என்று தூக்கிப் போட்ட அம்பு ஸ்டிக்கர் ரோல் ஒன்று, பிள்ளைகள் விளையாட என்று கேட்டு வாங்கி வந்தது, அதில் கிடந்தது. ஒன்றை உரித்துத் துண்டின் மேல் ஒட்டினேன். அம்பு நீளவாக்கைக் காட்டியது!

அப்புறம் என்ன, ஒருத்தி இழுத்துப் பார்க்க, ஒருத்தி ஒட்ட, மலையாகக் குவிந்த துண்டுகள் எல்லாம் அம்போடு அடுக்கில் ஏறின. எல்லா அம்பும் ஒரே பக்கம் பார்க்கிற மாதிரி வைத்துத் தைக்க வேண்டும், அவ்வளவுதான். மாரக்காள் டி.வி. பார்த்துக்கொண்டே தைத்தாலும் தப்பாது. வெள்ளையம்மாளை நானே போய்க் கூட்டி வந்தேன். பழையதைப் பிரிக்கிற வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். கிறிஸ்துமஸ் அன்று கோயில் முடிந்து வந்து, பிரியாணி தின்றுவிட்டு, காலனி முழுக்கப் பிரித்துத் தைத்தோம். என் வீட்டுக்காரர் கூட நூல் எடுத்துக் கொடுத்தார்.

ஒன்று சொல்ல வேண்டும் அக்கா. நல்ல துணியில் அம்பு ஒட்ட எனக்குக் கை கூசியது. இத்தனை வருஷம் கெட்ட இடத்தில் மட்டும் ஒட்டிய கை. நாலைந்து ஒட்டிய பிறகுதான் பழகியது. அப்புறம் சந்தோஷமாக இருந்தது. ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

துவைத்துப் பார்த்தோம். படுக்கிறது! ஆனால் பசை பழசு, பாதி ஸ்டிக்கர் தைக்கும் முன்பே உதிர்கிறது. அதற்கு நீங்கள் ஒரு வழி சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ராணி


குண்டடம்
5.1.2004

அன்புள்ள ராணிக்கு,

கேக் வந்தது. முட்டை போட்டதா என்று எங்கள் வீட்டுக்காரர் மூன்று முறை கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் தின்றுவிட்டார்.

நேற்று நடந்ததை எழுதாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். கிட்டுசாமி வந்தார். கூட நாலு பேர். “எங்கீங்க அந்த வேஸ்ட்டு?” என்றார். பத்தையும் எடுத்து வைத்தேன். மனுஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றடித் துவைகல்லுக்கு எடுத்துப் போனார். சோப்புக் கட்டியைத் தேய்த்து, ஓங்கி ஓங்கி அடித்தார் பார், எனக்கு அவர் என் முதுகில் அடிக்கிற மாதிரி இருந்தது. ராணி, நான் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டு நின்றேன். பெண்கள் எல்லாம் வாசலில் வரிசையாக.

வெயிலில் காய்ந்ததும் அவரே எடுத்துக் களத்தில் விரித்தார். ஒரு மூலையாவது எழும்பும் என்று சுற்றிச் சுற்றி வந்தார். காலால் அழுத்திப் பார்த்தார். குனிந்து பார்த்தார். கடைசியில் மோவாயைச் சொறிந்துகொண்டு, “அட, கோணலே காணமுங்களே!” என்றார். “வேஸ்ட்டுங்க, அதான்” என்றேன். நாலு பேரும் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். “ரக்கு வேண்டாமுங்க அம்மிணி. நூறையும் கொண்டாரச் சொல்லுங்க. வண்டி நானு அனுப்பறன்” என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வீட்டுக்காரர் அன்று சாயங்காலம் டீக்கடையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

ஸ்டிக்கருக்கு வழி சொல்கிறேன். சிவப்பு நூலால் மூன்றே தையல். நடுவில் ஒரு கோடு, தலையில் இரண்டு சாய்ந்த கோடு. அம்பு. கண்ணிமைக்கும் நேரம்தான் ஆகும், எத்தனை துவைத்தாலும் போகாது. துண்டை இழுத்துப் பார்த்தவளே அதைப் போட்டுவிட வேண்டும். பிறகு யார் எங்கே தைத்தாலும் தப்பாது.

முப்பது போர்வைக்குத் துண்டை இங்கே அனுப்பு. வாசலில் நின்று வேடிக்கை பார்த்த பெண்கள் நாளையிலிருந்து தைக்க வருகிறார்கள். மயிலாள் என்று ஒருத்தி, ஆடு மேய்க்கப் போகும்போதே தைக்கிறேன் என்கிறாள். புது ஊரில் எனக்கும் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது.

அன்புடன்,
பழனியம்மாள்

நடுக்கட்டத்தைப் பற்றி நீ இந்த முறை கேட்கவில்லை. கவனித்தேன்.


வேலம்பாளையம்
1.2.2004

அன்புள்ள அக்காவுக்கு,

கிட்டுசாமியின் வண்டி வந்துவிட்டது. அறுபது போர்வையும் ஏற்றியாயிற்று. முன்பு அனுப்பிய பத்தும் உங்கள் முப்பதும் சேர்த்து நூறு. காலனியே தெருவில் நின்று ஏற்றியது. வெள்ளையம்மாள், மாரக்காள், ராமாத்தாள் எல்லோரும் வண்டியிலேயே வருகிறார்கள். வெள்ளையம்மாள் புதுச் சேலை கட்டியிருக்கிறாள். அவளுக்கு முன்னால் இடம் கொடுங்கள்.

நான் வரவில்லை அக்கா. கம்பெனியில் ஷிப்மென்ட். புதன்கிழமைக்குள் சரக்குத் தூத்துக்குடி போயாக வேண்டும். செக்கிங்கில் ஒருத்தருக்கும் லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கேட்டுப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். மூன்று மாதமாக இந்த ஒரு நாளுக்காக ஓடினேன். அந்த நூறு பேர் போர்த்திக்கொண்டு படுப்பதை என் கண்ணால் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. வண்டி கிளம்பும் முன்பு இதை எழுதிக்கொண்டு அழுகிறேன். மறைக்க மாட்டேன்.

நீங்கள் எனக்காகவும் சேர்த்துப் பாருங்கள். பார்த்ததை எல்லாம் எழுதுங்கள். ஒன்றையும் விடாதீர்கள்.

பெரிய போர்வையும் வண்டியில் இருக்கிறது. பந்தல் முகப்பில் கட்டுங்கள். நடுவில் ஓட்டையோடுதான் இருக்கும். வேறு கட்டம் வைத்து மூடிவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் விடவில்லை. அந்த இடம் உங்களுடையது. ஓட்டையாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

உங்கள்
ராணி


குண்டடம்
6.2.2004

என் ராணிக் கண்ணுக்கு,

ஒன்றையும் விடாதே என்று எழுதினாய். விடாமல் எழுதுகிறேன்.

பொழுது சாயும் நேரம் முதல் கூட்டம் வந்தது. பச்சை வேட்டி, மஞ்சள் சேலை, தோளில் காவடி, காலெல்லாம் கொப்புளம். அன்று பார்த்து அப்படி ஒரு வாடைக் காற்று. பொங்கலும் சுக்குக் காபியும் கொடுத்துவிட்டு ஆளுக்கொரு போர்வை நீட்டினோம். வெள்ளையம்மாள்தான் முன்னால் நின்று கொடுத்தாள், சேலை கசங்காமல். ஒரு அம்மா வாங்கிப் போர்த்திக்கொண்டு, “இது எந்தக் கடைங்க?” என்று கேட்டார். வெள்ளையம்மாள், “கடையில கெடைக்காதும்மா, நாங்க தைச்சது” என்றாள். அவள் குரல் எனக்குப் பந்தலின் அந்தக் கோடியில் கேட்டது.

அப்புறம் அந்த அம்மா போர்வையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கட்டத்துக்குக் கட்டம் சிவப்பு நூல் அம்பு. “அட, வேல் போட்டிருக்குதுங்களே! துண்டுக்குத் துண்டு வேலுங்க!” என்றார். ஒருத்தர் சொல்லிப் பத்துப் பேர் பார்த்து, அப்புறம் பந்தல் முழுக்கப் போர்வையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறார்கள். யாரோ “வெற்றிவேல்” என்று குரல் கொடுக்க, எல்லோரும் “வீரவேல்” என்றார்கள். கிட்டுசாமி என் பக்கம் திரும்பி, “ஏனுங்க அம்மிணி, வேல் போட்டத எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே?” என்றார். நான் என்னத்தைச் சொல்ல? சாத்தூர் வேதக்காரப் பெண்பிள்ளை ஒருத்தி செக்கிங் டேபிளில் ஒட்டுகிற அம்பு என்றா? ஆமாங்க என்று சொல்லிவிட்டேன். சிரிக்காதே. சிரித்திருப்பாய்.

படுக்கும்போது பழநி இருக்கிற தெற்குத் திசைக்கு அம்பு பார்க்கிற மாதிரி போர்வையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள், நூறு பேரும். நாம் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. காலையில் ஒவ்வொருவரும் மடித்துக் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த வருஷமும் இருக்குமா என்று கேட்டுவிட்டு நடந்தார்கள். இருக்கும் என்று கிட்டுசாமி சொன்னார். அவராகவே, நான் கேட்காமல்! தாராபுரத்தில் பந்தல் போடுகிறவர்கள் இரண்டு பேர் வந்து, எங்களுக்கும் தைத்துத் தருவீர்களா என்று மாரக்காளிடம் கேட்டார்கள். அவள் “எங்க செக்கிங் அக்காவைக் கேட்டுத்தான் சொல்லணும்” என்றாள். ஜெயித்துவிட்டோம் ராணி. பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் இப்படி ஒரு நாள் எனக்கு வந்ததில்லை.

பெரிய போர்வையை முகப்பில் கட்டினோம். நடுவில் ஓட்டை. காற்று அதன் வழியாகத்தான் வந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் அது என்ன என்று கேட்டார்கள். நான் அதன் எதிரிலேயே நின்றேன், இடுப்பில் நடுக்கட்டத்தைச் செருகிக்கொண்டு. இரண்டு முறை எடுத்தேன். வைத்துத் தைத்துவிட எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அதன் மேல் உன் அம்பு இருக்கிறதே. அம்பு இருக்கிற பீஸை மற்ற பீஸோடு சேர்க்கக் கூடாது. அது உன் சட்டம், அதில் நான் குறுக்கே வர மாட்டேன்.

வெட்டிப் போன துணி திரும்பி வராது. ஆகவே சுற்றிலும் சிவப்புப் பட்டை ஒன்று வைத்துப் பெரிதாக்கியிருக்கிறேன். நேற்று உட்கார்ந்து முடித்தேன். மாரக்காளிடம் கொடுத்து அனுப்புகிறேன். ஆல்ட்டர் பண்ணின பீஸ். ஒட்டினவள் அளந்து பார்த்து எடுக்கட்டும்.

நீ இல்லாமல் நான் ஜெயித்த மாதிரியே இல்லை. அதையும் எழுதிவிட்டேன்.

உன்
பழனியம்மா அக்கா


வேலம்பாளையம்
8.2.2004

என் அன்பு அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கூட்டத்தில் படித்தேன். வேல் வந்த இடத்தில் மேலே படிக்க முடியவில்லை, ராமாத்தாள் வாங்கிப் படித்தாள். எல்லோரும் அழுதுகொண்டே சிரித்தோம். ஷிப்மென்ட் போய்விட்டது. என் கண்ணால் பார்த்த மாதிரியே எழுதிவிட்டீர்கள்.

நடுக்கட்டம் வந்தது. டேப் வைத்து நாலு பக்கமும் அளந்தேன். பட்டையையும் ஓவர்லாக்கில்தான் தைத்திருக்கிறீர்கள். கத்திக்கு மறுபடியும் கூடக் கொடுத்திருக்கிறீர்கள். இன்னும் அரை விரல் குறைவு.

பாஸ்.

எல்லோர் முன்னாலும்தான் ஒட்டினேன், எல்லோர் முன்னாலும்தான் எடுத்தேன். அம்பை உரித்து இந்தக் கடிதத்தின் அடியில் ஒட்டியிருக்கிறேன். பசை இன்னும் நன்றாகப் பிடிக்கிறது. கட்டத்தை ஓட்டையில் வைத்து நாலு மூலைக்கும் குண்டூசி குத்தியாயிற்று. தைக்க ஒருத்தரும் கை வைக்க மாட்டோம். அது உங்கள் வேலை.

கடிதத்தை வாசலில் வடக்குப் பார்க்கப் பிடித்துக்கொண்டு அம்பு காட்டுகிற பக்கம் பாருங்கள். திருப்பூர் பஸ் அந்தப் பக்கமாகத்தான் போகும். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறுங்கள். காராச்சேவு டப்பாவைப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் பரண் மேல் வைத்திருக்கிறேன்.

உங்கள் தங்கை,
ராணி